கசப்புத் தண்ணீர்

எட்டு மணி நேரம் ஓடும் அண்ணாச்சி, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எந்திரிச்சு வந்து கண்ணாடில மூஞ்சிய வச்சா எங்களுக்கு வேல ஓடாது, போய் உக்காருங்க என்று சொல்லிவிட்டு சுகிர்தா சிஸ்டர் கதவைச் சாத்தினாள். சரி, உட்கார்ந்தாயிற்று. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, ஐந்து மணிக்கு முடியும். இப்போது பதினொன்று பத்து. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் கிடப்பது என் பெண்டாட்டி சண்முகக்கனி. கழுத்தில் ஒரு குழாயைச் சொருகியிருக்கிறார்கள், அதன் ஒரு கிளை வழியாக ரத்தம் வெளியே போகிறது, ஆள் உயரத்துக்கு நிற்கிற மிஷினில் சுற்றுகிறது, இன்னொரு கிளை வழியாக உள்ளே வருகிறது. நாலு மணி நேரத்தில் முடிகிற வேலைதானாம். அவளுக்கு பிரஷர் எழுபதுக்கு மேல் ஏறவில்லை, வேகமாக ஓட்டினால் தாங்க மாட்டாள், அதனால் மெதுவாக ஓட்டுகிறார்கள். சிறுநீரகம் பலவீனம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாத்திரையும் பத்தியமுமாக ஓட்டிவிட்டோம், நான் பார்க்கிற பத்தியத்தில் டயாலிசிஸ் வரைக்கும் போகாது என்று தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நேற்று விடிந்ததும் ஏங்க, கால் எந்திரிக்க மாட்டேங்கு என்றாள். சோம்பேறித்தனம், எந்திரிட்டி என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது. தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தபோது நாடி முப்பத்தெட்டு. உடனே மிஷின் வைத்தார்கள், நேற்று சாயங்காலம் தெளிந்து உட்கார்ந்தாள், கஞ்சி குடித்தாள், என் சட்டைப் பொத்தானைப் பார்த்து ஒண்ணு மாத்திப் போட்ருக்கிய என்று சிரித்தாள். இன்று காலையில் மறுபடியும் அதே. நாடி இறங்கி, கண் செருகி, நேற்று இறங்கினது எல்லாம் ஏறிவிட்டது என்றார்கள். பொட்டாசியம் ஏறிவிட்டது என்றார்கள்.

பொட்டாசியம். நேற்றிலிருந்து அந்த வார்த்தையை முப்பது தடவை கேட்டிருப்பேன். அது கூடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும் என்கிறார் டாக்டர் பெனிட்டா. சின்ன வயசுதான், முப்பத்தைந்து இருக்கும், ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. இளநீர் குடுத்தீங்களா? இல்லை. வாழைப்பழம்? இல்லை. ஆரஞ்சு, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், நாட்டு மருந்து, கஷாயம்? இல்லை இல்லை இல்லை. ஒவ்வொரு இல்லையையும் நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். காய்கறியைக் கூட வெட்டி, வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பேன் என்றேன். நீங்களா சமைக்கிறீங்க என்று கேட்டார். நாந்தான் டாக்டர், இருபத்திரண்டு நாளா நான்தான், அவளை அடுப்படிக்கே விடுவதில்லை என்றேன். சபாஷ் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சொல்லவில்லை. அப்படீன்னா உள்ளே எங்கோ கோளாறு இருக்கிறது, குடலில் ரத்தம் கசிகிறதா, எங்கேயாவது சதை செத்துப்போகிறதா, ஏதோ ஒன்று இதை ஊற்று மாதிரி சுரந்துகொண்டே இருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் முடியாது என்றார். ஸ்கேன் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. மிஷினைப் பாதியில் நிறுத்தி, லிப்டில் இறக்கி, வெயிலில் கடந்து கொண்டுபோக வேண்டும். போற வழில ஹார்ட் நிக்க வாய்ப்பிருக்கு சார், மறைக்க விரும்பல, ஆனா காரணம் தெரியாம இப்படியே ஓட்டிக்கிட்டும் இருக்க முடியாது என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு மணி நேரம் ஆகிறது. தாள் என் மடியில் இருக்கிறது. பேனா சட்டைப்பையில் இருக்கிறது. சட்டைப்பையில் பேனாவோடு இன்னொன்றும் இருக்கிறது.

அதைப் பற்றி இப்போது எதற்கு. வரிசையின் அந்தக் கோடியில் ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. என் கொழுந்தியா. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவளைத்தான் சண்முகக்கனி பிள்ளை மாதிரி வளர்த்தாள், ஏழு வயசில் தாயில்லாமல் வந்தவளை ஜடை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, புருஷன் வீட்டுக்கும் அனுப்பி வைத்தாள். அவளைத்தான் இன்று காலையில் இந்த வராந்தாவில் இத்தனை பேர் முன்னால் கேட்டேன். இளநி குடுத்தியாட்டி? நான் இல்லாத நேரம் பாத்து இளநி வாங்கிக் குடுத்தியா இல்லையா? அவள் வெலவெலத்துப்போய், போன வாரம் ஒருநாள் அத்தான், ஒரு கால் டம்ளர், வாய் நனைக்கத்தான் கேட்டா என்றாள். போதாதா எனக்கு? உங்க அக்காவ நீயே கொன்னுட்டியேட்டி என்றேன். கத்தினேன். லிப்டுக்காரன் கூடத் திரும்பிப் பார்த்தான். டாக்டரிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன், கண்டுபிடித்துவிட்டேன் டாக்டர், இளநீர்தான் என்று. அவர் ஒரு வாரத்துக்கு முந்தின கால் டம்ளர் இன்னிக்கு இந்தப் பாடு படுத்தாது சார் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதை நான் ஜெயக்கொடியிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் இன்னும் தான்தான் கொன்றோம் என்று நினைத்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஆறு காலி நாற்காலி.

சுவரில் ஒரு டிவி. சத்தம் கிடையாது. ஒரு பெண் பளபளவென்று சேலை கட்டிக்கொண்டு சமைக்கிறாள், தீவிர சிகிச்சை வார்டு வாசலில் சமையல் நிகழ்ச்சி போடுகிறவனுக்கு மூளை இருக்கிறதா? இங்கே உட்கார்ந்திருக்கிறவன் எவனுக்குப் பசிக்கப்போகிறது. அவள் கத்தரிக்காயை எண்ணெயில் புரட்டுகிறாள், சிரிக்கிறாள், கிண்ணத்திலிருந்து உப்பை மூன்று விரலால் எடுத்துத் தூவுகிறாள். தேவையான அளவு என்று கீழே எழுத்து வருகிறது. தேவையான அளவு எது என்று யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தூத்துக்குடியில் லிங்கதுரையிடம் கேட்டுக்கோ என்றால் அது உப்பைப் பற்றித்தான் இருக்கும். முப்பத்தாறு வருஷம் உப்பளத்தில் சரக்கு பார்க்கிற வேலை. உப்பு அம்பாரத்தில் கையை விட்டு ஒரு கல் எடுத்து நுனி நாக்கில் வைத்தால் போதும், எந்தப் பாத்தியில் வாரினது, ஒருநாள் முந்தி வாரியிருக்க வேண்டுமா, லோடு போகலாமா கூடாதா, எல்லாம் சொல்லிவிடுவேன். லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலாளி போன் போட்டு ஏன்வே இந்தப் பாடு படுத்துதீரு என்று கத்தினாலும், கசக்கு முதலாளி, இது மனுசன் திங்கிற சரக்கு இல்ல என்று சொல்லிவிடுவேன். ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்து நாலு நாள் கழித்து வருகிற சீட்டும் என் நாக்கும் ஒரு தடவை கூட வேறு வேறாகச் சொன்னது கிடையாது.

கசக்கு. இதோ, இங்கேதான் வந்து மாட்டுகிறது. காலையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டு இங்கேயே வந்து நிற்கிறது, நான் வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன், அது மறுபடி வருகிறது. பொட்டாசியம் என்ற வார்த்தையை நான் முதல்முதலாகக் கேட்டது ஆஸ்பத்திரியில் இல்லை. உப்பளத்தில் கேட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு கெமிஸ்ட் வந்திருந்தார், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, வெயில் தாங்காமல் மோர் மோராகக் குடித்துக்கொண்டு. பாத்தித் தண்ணீரின் அடர்த்தி இருபத்தைந்து டிகிரி தொட்டால் உப்பு விழும், இருபத்தொன்பதைத் தாண்ட விடாமல் மிச்சத் தண்ணீரை வெட்டி விட்டுவிட வேண்டும், இது எங்களுக்குப் பழக்கம். ஏன் என்று நான் கேட்டதில்லை, விடாவிட்டால் உப்பு கசக்கும், அவ்வளவுதான் தெரியும். அவர்தான் வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்து சொன்னார். நல்ல உப்பு முதல்ல விழுந்துடும் லிங்கதுரை, அதுதான் சோடியம். அப்புறம் மிஞ்சுற கசப்புத் தண்ணியில மக்னீசியமும் பொட்டாசியமும் நிக்கும், அதையும் காய விட்டா அதுவும் உப்பாத்தான் விழும், பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும் என்றார். பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது. நான் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், அடிநாக்கில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. அந்தக் கெமிஸ்ட் பெயர் என்ன? ராகவனோ ராமனோ. பெயர் எதற்கு இப்போது. பெயரை நினைத்தால் அதை நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

எழுந்து குழாயடிக்குப் போனேன். தண்ணீர் ஐஸ் மாதிரி வந்தது. ஒரு டம்ளர் பிடித்துவிட்டுக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று நான் அவளுக்கு அளந்து பாட்டிலில் ஊற்றி வைப்பேன், பேனாவால் கோடு போட்டு, காலைக்கு இதுவரை, மத்தியானத்துக்கு இதுவரை என்று. இந்த வெயிலில் அவள் கோட்டைத் தாண்டினதே இல்லை. ஒருநாள் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள், நான் கண்டும் காணாதது மாதிரி பேப்பர் படித்தேன். குளிர்ந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு அட்டெண்டர் தலையை நீட்டி, ஆறாம் பெட்டுக்கு யாரு என்றான். ஆறாம் பெட். மூன்று இல்லை, ஆறு. ஒரு குடும்பம் மொத்தமாக எழுந்து போனது, கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெண் பெரிய குரலில் அழுதாள். அப்பாடா என்று நினைத்தேன். இன்னொருவன் வீட்டில் இழவு விழுந்ததற்கு அப்பாடா என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஜெயக்கொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அதிலிருந்துதான் ஆரம்பம். உப்பைக் குறைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உப்பளத்துக்காரன் பெண்டாட்டி, உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னால் எப்படி? தட்டை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருப்பாள், ரெண்டு வாய்க்கு மேல் போகாது, இளைத்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாங்கவில்லை, சமையலை நானே எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் பெரிய கடையில் அந்த உப்பைப் பார்த்தேன், சோடியம் குறைவு என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில், பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று ஒரு இதயப் படமும் போட்டு. பின்பக்கம் எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. கண்ணாடி கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் வாசித்திருப்பேனா? உப்பைப் பற்றி எனக்கு ஒருத்தன் எழுதிக்காட்ட வேண்டுமா என்று இருந்திருப்பேன். முப்பத்தாறு வருஷம் உப்பு பார்த்தவனுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டாமா? சோடியத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்னத்தை வைத்தான்? பாக்கெட் நிறைந்துதானே இருந்தது, வெள்ளையாகத்தானே இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கிள்ளு நாக்கில் வைத்தேன். அடியில் லேசாகக் கசந்தது. தெரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், தெரிந்தது. மருந்து மாதிரி செய்திருப்பான், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினவன் அந்த ஒரு பாக்கெட்டை வீட்டுக்குள் விட்டேன். கவலையில்லாத உப்பாயிற்றே என்று தாராளமாகப் போட்டேன், குழம்பில், மோரில், கஞ்சியில். முதல்நாள் வாயில் வைத்துவிட்டு ஏங்க, உப்பு என்னமோ கசக்கு என்றாள். உனக்கு நாக்குல கோளாறு, யார்ட்ட வந்து உப்பு கசக்குன்னு சொல்லுத என்று கேட்டேன். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டாள். தட்டைக் காலி பண்ணிவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சட்டைப்பையில் பேனாவோடு இருப்பது தைல டப்பா அளவுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அந்த உப்புதான். நேற்று மிஷின் முடிந்து தெளிந்தபிறகு ஆஸ்பத்திரிக் கஞ்சி கொடுத்தார்கள், சப்பென்று இருந்தது, அவள் முகத்தைச் சுளித்தாள், நான் வீட்டுக்குப் போய் இந்த டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்து, சிஸ்டர் அந்தப்பக்கம் திரும்பினபோது ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். நானே ஊட்டினேன். ஒரு டீஸ்பூன், கொஞ்சம் கூடவே இருக்கும். காலையில் மறுபடி ஏறிவிட்டது என்றார்கள். இல்லை, இதனால் இருக்காது. ஊரெல்லாம் தின்கிற உப்பு, கடையில் விற்கிறது, சர்க்கார் விட்டுவிடுமா? ஒரு ஸ்பூன் உப்பில் என்ன இருந்துவிடப்போகிறது. கால் டம்ளர் இளநீர் காரணம் இல்லை என்றால் ஒரு ஸ்பூன் உப்பு மட்டும் எப்படிக் காரணம்? குடல்தான். டாக்டர் சொன்னதுதான் சரி, குடலில்தான் ஏதோ. இப்படியே வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடிக்கொண்டு, ஒவ்வொரு வாதத்திலும் ஜெயித்து, ஜெயித்தபிறகு மறுபடியும் பயந்து. ஏனென்றால் இது உப்பு இல்லை என்றால் அவள் குடல் அழுகுகிறது. இது உப்பு என்றால் நான். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், ஐயோ, அவள் குடல் அழுகட்டும் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் மனசு சொன்னது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி. என் பெயர் கெடாமல் இருக்க.

சொன்னால் என்ன ஆகும்? டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார். ஜெயக்கொடி கேட்பாள். தூத்துக்குடி முழுக்கத் தெரியும், உப்பு லிங்கதுரை பெண்டாட்டிக்கு உப்பைப் போட்டே. அவள் செத்துப்போனால் கேதத்துக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கையைப் பிடிப்பார்களா, பிடிக்காமல் போவார்களா. பார், அவள் இன்னும் உயிரோடு கிடக்கிறாள், நான் கேதத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்கேனுக்குக் கொண்டுபோவார்கள். நல்லபடியாகப் போய் நல்லபடியாக வந்தால் சரி. உப்பை இன்றோடு நிறுத்திவிட்டு டப்பாவைக் கடலில் வீசிவிட்டால் யாருக்கும் தெரியாது. நல்லபடியாகப் போகாவிட்டால், லிப்டில், இரண்டு மாடிக்கு நடுவில், அந்தச் சின்ன வெளிச்சத்தில். கதவு திறந்தது. டாக்டர் பெனிட்டாதான். மணி ஒன்றே முக்கால். இவ்வளவு நேரம் எங்கே போனது? சைன் பண்ணிட்டீங்களா சார்? ரெண்டரைக்கு ஸ்கேன்ல நேரம் வாங்கியிருக்கேன், மிஷினை இப்ப நிறுத்தணும், முக்கால் மணி நேரம்தான் இருக்கு என்றார். இதோ டாக்டர் என்றேன். பேனாவை எடுத்தேன். பேனாவோடு டப்பாவும் சேர்ந்து வந்து தாளின் மேல் விழுந்தது, மூடி கழன்று, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கொஞ்சம் உப்பு சிந்தியது.

வெள்ளையாகத்தான் இருந்தது. பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியவில்லை. டாக்டர் நின்றுகொண்டிருந்தார், ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. நான் விரலால் ஒற்றி நுனி நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு. நல்ல உப்புதான், சரக்கு போகலாம் என்று சொல்லத் தோன்றுகிற உப்பு. அப்புறம் நாக்கின் நடுவில் ஒரு மாதிரி உலோகம். அப்புறம் அடிநாக்கில் வந்து பிடித்துக்கொண்டது, வரப்பில் குத்த வைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்த அதே கசப்பு, மண்ணில் வெட்டி விடுகிற தண்ணீரின் கசப்பு. இருபத்திரண்டு நாள். மூன்று வேளை. டாக்டர், ஸ்கேன் வேண்டாம் என்றேன். இந்த உப்புதான் டாக்டர், சோடியம் கொறைச்ச உப்பு, அதுக்குப் பதிலா பொட்டாசியத்தப் போட்ருக்கான், நாந்தான் குடுத்தேன், நேத்து உங்க கஞ்சிலயும் நாந்தான் ஒரு ஸ்பூன் போட்டேன், சிஸ்டருக்குத் தெரியாது. டாக்டர் டப்பாவை வாங்கினார். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேனே சார் என்று மட்டும் சொன்னார். உப்பு கேக்கலியே டாக்டர் என்றேன், அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது. அவர் கதவைத் திறந்து உள்ளே பார்த்து, சுகிர்தா, மிஷினை நிறுத்தாதீங்க, ஸ்கேனுக்குப் போன் பண்ணி இப்ப வேண்டாம்னு சொல்லுங்க, இன்னும் நாலு மணி நேரம் சேர்த்து ஓட்டுவோம் என்றார். பிழைச்சிருவாளா என்று கேட்டேன். காரணம் இப்ப தெரியுது, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், இதயம் ரொம்ப அடி வாங்கியிருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜெயக்கொடி ஆறு நாற்காலியையும் தாண்டி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஏட்டி ஜெயா, நீ இல்லட்டி, நாந்தான் என்றேன். அவள் காலைப் பிடித்துவிடலாமா என்று கூட இருந்தது, வயசில் சின்னவள், பிடித்தால் அவளுக்குத்தான் சங்கடம். அடிக்கவாவது செய்வாள் என்று நின்றேன். அவள் தாளில் சிந்திக் கிடந்த உப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா சொன்னா அத்தான் என்றாள். என்ன சொன்னா? உப்பு கசக்குன்னு சொன்னா. போன்ல தெனமும் சொல்லுவா. வேண்டாம்னு சொல்லேன்க்கா, நான் வேணா அத்தான்ட்ட பேசுதேன்னு சொன்னேன். வேண்டாம்ட்டி, அவிய ஆசை ஆசையா ஆக்கிக் குடுக்காவ, தட்டு காலியான ஒடனே அவிய மூஞ்சியப் பாக்கணும் நீ, அதுக்காகவே தின்னுருதேன்னா. வாய்க்கசப்பு தாங்க மாட்டாமத்தான் அன்னைக்கு இளநி கேட்டா அத்தான், கொப்புளிச்சுத் துப்பிக்கிடுதேன்னுதான் கேட்டா. சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, அடிநாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இருந்தது, அதைத் துப்ப மனசு வரவில்லை.

மூணாம் பெட்டு, சண்முகக்கனிக்கு யாரு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஜெயக்கொடிதான் என்னைத் தூக்கி விட்டாள். ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பயப்படாதீங்க, கண்ணு முழிச்சிருக்காவ, ரெண்டு நிமிசம் பாத்துட்டு வந்துருங்க என்று சுகிர்தா சிஸ்டர் கையில் எதையோ ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். உள்ளே குளிர். மிஷினில் ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, குழாய்க்குள் அவள் ரத்தம் கறுப்பாக நகர்ந்து போவதும் வருவதும் தெரிந்தது. மேலே இதயத் துடிப்பைக் காட்டுகிற டப்பா டிவியில் பச்சைக் கோடு இரண்டு தடவை ஒழுங்காகத் துள்ளிவிட்டு மூன்றாவது தடவை தயங்கியது. மாஸ்க்குக்குள் அவள் உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. கனி, நீ சொன்னது சரி, உன் நாக்குதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சிஸ்டர் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொடுத்து, உதட்ட மட்டும் நனைங்க, உள்ள போயிரக் கூடாது என்று சொல்லி மாஸ்க்கை ஒரு விரல் அளவு தூக்கினாள். பஞ்சை நனைத்துப் பிழிந்து கீழ் உதட்டில் வைத்தேன். பிழிந்தது போதவில்லை, ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. சண்முகக்கனி நாக்கைக் கொஞ்சமாக வெளியே நீட்டி, அந்தச் சொட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வாய்க்குள் வைத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

கசக்கலங்க என்றாள்.

அண்ணாச்சி, நேரம் ஆச்சு என்றாள் சிஸ்டர். நான் பஞ்சை மறுபடியும் தண்ணீரில் நனைத்தேன்.